ஏழாவது வளைவில் நின்ற பஸ்

போன வாரம் தேவகுமாரியை எஸ்.டி.டி. பூத் வாசலில், கையில் ஃபேக்ஸ் தாளோடு நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டோம். அவள் அங்கேயே நின்றுகொண்டா இருப்பாள்? வீட்டுக்கு வந்தாள், தாளை மேஜை மேல் வைத்தாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாளாகிறது, இன்னும் எழுந்த பாடில்லை. அழவும் இல்லை. ஒரு மூச்சு அழுதிருந்தால் அவள் அம்மா தெரசம்மாளுக்காவது நிம்மதியாக இருந்திருக்கும்.

தாளில் இருந்தது நாலே வரி. நான்காவது மைல்ஸ்டோன் நிராகரிக்கப்படுகிறது. ஏழாவது வளைவில் விளையாட்டு நின்றுவிடுகிறது, அதற்குமேல் நகரவில்லை. சரிசெய்து வையுங்கள். எங்கள் ஆள் புதன்கிழமை நேரில் வந்து பார்ப்பார்.

இந்த வாரம்தான் புதிதாக நம்மோடு பஸ் ஏறுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருங்கள். தேவகுமாரிக்கு இருபத்தெட்டு வயது. பெங்களூரில் நல்ல கம்ப்யூட்டர் வேலை, அதை விட்டுவிட்டு ஏற்காடு மலையேறி வந்து, கொட்டச்சேட்டு ரோட்டில் இருக்கும் அப்பா வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று செய்கிறாள். புரோகிராம் எழுதுவது அவள். படமும் சத்தமும் அவளுடைய தம்பி அருள்சாமி. ஏற்காட்டு உச்சியிலிருந்து ஒரு பஸ்ஸை இருபது கொண்டை ஊசி வளைவுகளும் தாண்டி அடிவாரத்தில் பத்திரமாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. சுடுவது, வெடிப்பது ஒன்றும் கிடையாது.

புத்தகம் எழுதினால் பதிப்பகம் வேண்டும் அல்லவா, அதுபோல விளையாட்டுக்கும் ஒருவர் வேண்டும். பெட்டி அச்சடித்து, சி.டி. போட்டு, கடைகளுக்கு அனுப்ப. மெட்ராஸில் இருக்கும் வெள்ளோட்டம் மல்டிமீடியா அப்படி இவர்களுக்கு வாய்த்த கம்பெனி. மொத்த வேலையையும் ஐந்து பங்காக்கி, பங்குக்கொரு மைல்ஸ்டோன் என்று பேர் வைத்தார்கள். ஒவ்வொரு பங்கு முடிந்ததும் பிளாப்பிகளில் ஏற்றி சேலம் போய் கூரியரில் போட வேண்டும். அங்கே நாலு பேர் உட்கார்ந்து விளையாடிப் பார்ப்பார்கள். சரி என்று கையெழுத்து விழுந்தால் அடுத்த பங்கு. மூன்று தாண்டியாயிற்று, நான்காவதில் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

மாட்டினால் என்ன, மறுபடியும் செய்துவிட்டுப் போகிறாள் என்று நினைப்பீர்கள். ஒப்பந்தத்தில் பதினோராவது ஷரத்து என்று ஒன்று இருக்கிறது. ஒரே மைல்ஸ்டோன் இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டால் புரோகிராமை அப்படியே வெள்ளோட்டத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். மிச்சத்தை அவர்கள் ஆட்களே முடித்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போட்ட அன்று அந்த வரியைப் படித்துவிட்டு தேவகுமாரி சிரித்தாள். நமக்கெல்லாம் அப்படி நடக்குமா என்ற சிரிப்பு.

இன்றைக்குப் புதன்கிழமை.

ஆடி மாசத்து மூடுபனி வாசல்படி வரை வந்து நின்றது. ஈரம் ஏறிவிடக் கூடாது என்று கம்ப்யூட்டர் மேஜைக்கடியில் நாற்பது வாட் பல்பு ஒன்று எந்நேரமும் எரியும். பிளாப்பிகள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க பிஸ்கட் டின்னில், அரிசிக்குள் புதைத்து வைக்கப்பட்டிருந்தன. தேவகுமாரி அன்றைக்கு நாற்பதாவது தடவையாக ஏழாவது வளைவில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பஸ் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போயிற்று. எங்கேயும் நிற்கவில்லை. நிற்காத பஸ்ஸை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் பன்னிரண்டு நாளாக அவளுக்கு விளங்காத விஷயம்.

அப்பா பாக்கியநாதன் காப்பித் தம்ளரோடு வந்து பின்னால் நின்றார். எஸ்டேட் லாரியில் முப்பது வருஷம் இந்த மலையை ஏறி இறங்கியவர். இப்போது வண்டியும் இல்லை, வேலையும் இல்லை. மகளுடைய பஸ்ஸை வேடிக்கை பார்ப்பதோடு சரி.

"நல்லாத்தானே போவுது கண்ணு. என்னத்தைக் கொறை சொல்றாங்க அவிங்க?"

"அதுதானுங்கப்பா எனக்கும் தெரியலை."

அருள்சாமி அந்தப் பக்கத்து மேஜையில் குனிந்து ஏதோ மரத்துக்கு இலை வரைந்துகொண்டிருந்தான். எப்போதும் அக்கா ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற பிள்ளை. ஒரு வாரமாக வாயையே திறப்பதில்லை. பயம் போல என்று தேவகுமாரி நினைத்துக்கொண்டாள். பயம்தான், ஆனால் அவள் நினைத்த பயம் இல்லை.

ஒன்பதரை மணி பஸ்ஸில் செல்வராஜ் வந்து இறங்கினார். வெள்ளோட்டத்துக்கும் இவர்களுக்கும் நடுவில் போய்வரும் மனிதர் அவர். என்ன வேண்டும் என்று கம்பெனி சொல்வதை இவர்களிடம் சொல்வார், ஏன் முடியாது என்று இவர்கள் சொல்வதைக் கம்பெனியிடம் சொல்வார், இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார். போனில்தான் இதுவரை பழக்கம். நேரில் பார்த்தால் முப்பத்தைந்து வயது, ஒல்லி, கையில் ஃபைல். மெட்ராஸ்காரரை மலை ஒரு வழி பண்ணியிருந்தது. முகமெல்லாம் வெளிறி, நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தெரசம்மாள் எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னாள். விளையாட்டில் இந்தத் தலைசுற்றலையும் சேர்த்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டார். அந்த நிலையிலும் கிண்டல் செய்கிறாரே என்று தேவகுமாரிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கொஞ்சம் தெளிந்ததும் அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார்கள். அவள் எதையும் விளக்கக் கூடாது, கடையில் வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித் தரப்போவதில்லை என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். நியாயம்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். அப்பா நிலைப்படியில் சாய்ந்து நின்றார். அருள்சாமி நாற்காலியைத் திருப்பக்கூட இல்லை.

பஸ் ஏரிக்கரையிலிருந்து கிளம்பியது. இருபது என்று போட்ட பலகையைத் தாண்டியது. பத்தொன்பது. எதிரே ஒரு ஜீப் வந்தது, ஒதுங்கிப் போயிற்று. ஒரு ஸ்கூட்டர், அதுவும் ஓரமாக நழுவியது. செல்வராஜ் நன்றாகவே ஓட்டினார். அதற்கப்புறம் ரோடு குறுகியது, பஸ் ஒரு வளைவில் திரும்பியது, கீழேயிருந்து மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகிக்கொண்டு ஏறி வந்து நேர் எதிரே நின்றது. அவர் ஹாரன் அடித்தார். லாரி விளக்கை இரண்டு தடவை சிமிட்டியது. இன்னும் பலமாக ஹாரன் அடித்தார். லாரி அசையவில்லை.

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"பாருங்க. இதேதான். ஏழாவது வளைவு. அங்கே நாலு பேர் விளையாடினோம், நாலு பேருக்கும் இங்கேதான் நின்னுச்சு."

"இது ஏழு இல்லைங்க சார்," என்றாள் தேவகுமாரி. "பதினாலு. பலகையைப் பாருங்க."

"நான் எண்ணிக்கிட்டே வந்தேனே. ஒண்ணு, ரெண்டு... ஏழு."

மலையில் பிறந்தவர்களுக்கு வளைவு என்றால் அடிவாரத்திலிருந்துதான் எண்ணிக்கை. ஒன்று கீழே, இருபது மேலே. பலகையும் அப்படித்தான் சொல்கிறது. மெட்ராஸில் உட்கார்ந்து விளையாடியவர்கள் விளையாட்டு எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து எண்ணியிருக்கிறார்கள். அவர்களுடைய ஏழு இவளுடைய பதினாலு. பன்னிரண்டு நாள் அவள் பழுது தேடியது ஒரு பழுதும் இல்லாத வளைவில். அத்தனை நாளும் எழுந்து போய் ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டிருக்கக் கூடாதா என்று நீங்களும் நானும் கேட்கலாம். கேட்டால் தனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்று இருந்துவிட்டாள். பெங்களூர் வேலையை விட்டு வந்தவளுக்கு அந்த ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி.

"சரி, பதினாலாவே இருக்கட்டும். நின்னு போனது நின்னு போனதுதானே?" என்றார் செல்வராஜ்.

நிலைப்படியிலிருந்து பாக்கியநாதன் தொண்டையைக் கனைத்தார். "நிக்கலைங்க சார். லாரிக்காரன் உங்களுக்காவக் காத்துட்டு இருக்கறான்."

"எதுக்கு?"

"லோடு வண்டிங்க. ஏத்தத்துல நின்னுட்டா மறுக்கா எடுக்கறது நொம்பக் கஷ்டம். ஏறி வர்ற வண்டிக்கு எறங்கற வண்டி வழி உடோணும். நீங்கதான் பின்னாடி போவோணும்."

"பின்னாடியா?" செல்வராஜ் விசைப்பலகையைப் பார்த்தார். "இதுல பின்னாடி போக முடியுமா?"

தேவகுமாரி கையால் வாயை மூடிக்கொண்டாள். முடியும். பஸ் நின்ற பிறகு பிரேக் பட்டனையே அழுத்திக்கொண்டிருந்தால் பின்னால் போகும். அதை எங்கேயும் அவள் சொல்லவில்லை. ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. அது தெரியாத மனிதர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. லாரியைத் தூரத்தில் பார்த்ததுமே அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றே அவளுக்குப் பழக்கம். அதனால் அந்த வளைவில் ஒரு நாளும் அவள் சிக்கியதில்லை. இந்த மலையில் யாரும் சிக்கியிருக்க மாட்டார்கள். விளையாட்டு எப்படி விளையாடுவது என்ற புத்தகமோ ஐந்தாவது மைல்ஸ்டோனில்தான் வர வேண்டும்.

செல்வராஜ் பட்டனை அழுத்தினார். பஸ் பின்னால் போய்க் கட்டைச்சுவரில் இடித்தது. பாக்கியநாதனுக்கு நிஜமாகவே தோள் குலுங்கியது. நிதானமாக, ஸ்டியரிங்கை ஒடிச்சுப் புடிங்க என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டு, யாரும் விளக்கக் கூடாது என்ற கட்டளை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். இரண்டாவது தடவை பஸ் ஒழுங்காக ஒதுங்கியது. லாரி உறுமிக்கொண்டு ஏறி வந்து பக்கத்தில் கடந்தது. கடக்கும்போது டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

செல்வராஜ் திரைப்பக்கம் குனிந்தார்.

"இந்தக் கையை அங்கே யாருமே பார்த்ததில்லை," என்றார். "யார் வரைஞ்சது?"

தம்பிதான் என்று தேவகுமாரி பெருமையோடு சொன்னாள். அந்தக் கைக்காகவே அவன் நாலு நாள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து டிரைவர்களைப் பார்த்துப் பார்த்து வரைந்ததையும் சொன்னாள். அருள்சாமி திரும்பி ஒரு தடவை சிரித்தான். அது சிரிப்பில் சேர்த்தியில்லை.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பஸ் கிளம்பும் இடத்தில் ஒரு மஞ்சள் பலகை வைப்பது என்று முடிவாயிற்று. ஏறும் வண்டிக்கு வழி விடவும். அதற்குக் கீழே, பின்னால் போக எந்தப் பட்டன் என்று சின்னதாக ஒரு படம். பதினாலாம் வளைவில் லாரி விளக்கைச் சிமிட்டும்போது பஸ்ஸின் கண்டக்டர் 'ரிவர்ஸ், ரிவர்ஸ்' என்று பின்பக்கத்தைத் தட்டும் சத்தமும் சேர்க்கலாம் என்றார் செல்வராஜ். நல்ல யோசனை. அதற்குப் பாக்கியநாதனையே கத்த வைத்து டேப்பில் பிடித்தார்கள். தெரசம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ஊட்டுக்குள்ள என்னத்துக்குங்க இந்தக் கத்துக் கத்தறீங்க என்று அதட்டியது அதில் பதிவாகி, இன்னொரு தடவை கத்த வேண்டியதாயிற்று.

சாப்பாட்டுக்கு அப்புறம் செல்வராஜ் மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார். பலகையைப் படித்தார், லாரிக்கு ஒதுங்கினார், கை தூக்கியதும் தானும் திரையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அடிவாரம் வரை போய் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஃபைலைத் திறந்து, நான்காவது மைல்ஸ்டோன் என்று போட்ட தாளில் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு நாளாக வராத அழுகை அப்போது வந்து தேவகுமாரியின் கண் முனையில் நின்றது. அதை அம்மா பார்த்துவிட்டாள். பார்த்தது அவளுக்குப் போதும்.

மூன்றரை மணி பஸ்ஸுக்கு அவரை ஏற்றிவிட தேவகுமாரி கூடவே நடந்தாள். பனி கொஞ்சம் விலகி, காப்பிச் செடிகளுக்கு மேல் சில்வர் ஓக் மரங்கள் தெரிந்தன. அவள் வாய் ஓயாமல் ஐந்தாவது மைல்ஸ்டோனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாப் வந்ததும் அவர் ஃபைலைக் கை மாற்றிக்கொண்டார்.

"ஒரு விஷயம் கேக்கணும். திங்கட்கிழமை உங்ககிட்டேயிருந்து ஒரு பார்சல் வந்துச்சு. அது நீங்க அனுப்பினதா?"

"என்ன பார்சலுங்க?"

அவர் எதிர்பார்த்த பதில்தான் போலிருக்கிறது. பெருமூச்சு விட்டார். நான்காவது மைல்ஸ்டோன், சரிசெய்யப்பட்டது என்று எழுதி பிளாப்பிகள் வந்திருந்தனவாம். அதில் லாரி நிற்பதே இல்லையாம். பஸ்ஸைப் பார்த்ததும் தானாக ஓரமாக ஒதுங்கிப் பாதையை விட்டுவிடுமாம். கம்பெனி எம்.டி. அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடிப் பார்த்துவிட்டு, ரொம்பப் பிடித்துப்போய், இதுதான் சரி, இனி யாரும் மலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"நான்தான் வந்தே தீருவேன்னு வந்தேன். நீங்க ஒவ்வொரு பார்சல்லயும் என்னென்ன மாத்தினேன்னு ரெண்டு பக்கம் லெட்டர் வைப்பீங்க. அதுல லெட்டரே இல்லை. மேலே அட்ரஸ் எழுதியிருக்கிற கையெழுத்து உங்க தம்பியோடது."

ஒப்பந்தத்தில் அக்காள் தம்பி இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது. இரண்டு பேரில் யார் அனுப்பினாலும் கம்பெனிக்கு அது செல்லும். இரண்டு பேரையும் சமமாகப் போட வேண்டும் என்று அன்றைக்குப் பிடிவாதம் பிடித்தவளும் தேவகுமாரிதான்.

"நான் இன்னைக்குப் போட்டது என் கையெழுத்து," என்றார் செல்வராஜ். "வெள்ளிக்கிழமை எம்.டி. அந்தப் பார்சலுக்குப் போடுவார். போட்டுட்டா அதுதான் சி.டி. ஆகும். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒரே பேச்சாப் பேசிட்டு வந்தா நான் ஏதாவது செய்ய முடியும்."

பஸ் வந்தது. அவர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு ஏறினார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் அருள்சாமி மட்டும் இருந்தான். அக்காள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். செல்வராஜ் சொல்லாமல் போக மாட்டார் என்று காலையிலேயே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் சத்தம் போடவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டாள். அவன் ஒளிக்காமல் சொன்னான். ஃபேக்ஸ் வந்த மறுநாளே சேலத்தில் பூத்திலிருந்து மெட்ராஸுக்குப் போன் பண்ணி, விளையாடிப் பார்த்த நாலு பேரில் ஒருவரிடம் எந்த வளைவு, என்ன ஆகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டானாம். லாரி வழி விடுமா விடாதா என்பது புரோகிராமில் ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அக்காள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். பூஜ்யத்தை ஒன்றாக்கினான், பிளாப்பியில் ஏற்றினான், அனுப்பினான்.

பதினோரு நாள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து இலை வரைந்துகொண்டே, அவள் தப்பான வளைவில் சுற்றிச் சுற்றி வருவதை இவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பார்சலை நினைத்துக்கூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இதை நினைத்தபோதுதான் நெஞ்சு வலித்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லடா?"

"சொன்னா நீ லாரிய மாத்த ஒத்துக்கியிருப்பியா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். அது இருவருக்குமே தெரியும்.

"நீ தோத்துட்டீன்னா புரோகிராமையே புடுங்கிக்குவாங்கக்கா. எனக்கு அந்தப் பயம். நீ பெங்களூரை உட்டுட்டு வந்தது இதுக்காவத்தானே."

தேவகுமாரி நாற்காலியில் உட்கார்ந்தாள். தனக்காகப் பயந்திருக்கிறான் என்று கேட்டதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. தம்பி மேல் கோபத்தை ஒரு நாள் முழுக்க வைத்திருக்கத் தெரியாதவள் அவள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். இன்றைக்கு அவள் கை ஓங்கியிருக்கிறது. கையெழுத்து விழுந்துவிட்டது, வளைவு எது என்று தெரிந்துவிட்டது, செல்வராஜும் அவள் பக்கம். இனி ஒரு வார்த்தை பாக்கி. அதை அவன் சொன்னால் எல்லாம் நேராகிவிடும்.

"செரி உடு. நாளைக்குக் காத்தால மெட்ராஸ் போறோம், ரெண்டு பேரும். அனுப்புனது நீ. அந்த எம்.டி. முன்னால நின்னு, அது தப்பாப் போச்சுங்க, அக்காவோடதுதான் எங்க விளையாட்டுன்னு நீதான் சொல்லோணும்."

அருள்சாமி ஓட்டிப் பாதியில் நிறுத்தியிருந்த திரையில் லாரிக்காரன் கையைத் தூக்கியபடி நின்றுபோயிருந்தான். அதைப் பார்த்தான், அப்புறம் அக்காளைப் பார்த்தான். அவளை நேருக்கு நேர் பார்த்து அவன் பேசி ஒரு வாரமாகிறது.

"வர்றேன்க்கா. நீ எங்க கூப்புட்டாலும் வர்றேன். ஆனா தப்புன்னு சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அனுப்பறப்ப பயந்துட்டு அனுப்புனேன், நெசந்தான். அதுக்கப்பறம் தெனமும் நீ வெளிய போனப்பல்லாம் ரெண்டையும் போட்டு ஓட்டிப் பாத்தேன்," என்றான் அருள்சாமி. "என்னோடதுதான் நல்லாருக்குது."